மூட்டை ஒண்ணும் இல்லல்லோ

குடும்ப கேம்ப் என்று ஆலயத்தில் அறிவிப்பு வாசித்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே நான் போகாமலிருக்க ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தேன். மூன்று பகல், இரண்டு இரவு. வெள்ளறடையைத் தாண்டி மலைப்பக்கம் ஏறினால் ஒரு பள்ளிக்கூடம், சுற்றிலும் ரப்பர். ஆண்களும் பையன்களும் மைதானத்தில் கூடாரம் அடித்துக்கொள்ள வேண்டும். பெண்களும் பெண்பிள்ளைகளும் வகுப்பறையில் படுக்க வேண்டும். குடும்பத்தை வாசலிலேயே இரண்டாகப் பிரித்துவிட்டு அதற்குக் குடும்ப கேம்ப் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. அந்த வருடங்களில் நான் யாரிடமும் எதையும் கேட்பதில்லை.

அது தொண்ணூற்று ஐந்தாம் வருடம், மே மாதம். எனக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் ஆகியிருந்தது. வள்ளியூருக்குக் கிழக்கே ஒரு ஊரில் பிறந்து, பாறசாலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். எங்கள் தெருவில் எல்லோருக்கும் இரண்டு பாஷையும் ஒரே நாக்கில் புரளும். தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார்கள். நடுவில் எங்கே மாறினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. எனக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது, நாக்கு பழகவில்லை. நான் வாயைத் திறந்தால், "கெழக்கத்திக்காரி பேசியதக் கேளு" என்று சிரிப்பார்கள். கெட்ட மனதோடு சிரித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். சிரித்து முடித்துவிட்டு அவர்கள் பேச்சைத் தொடர்ந்துகொண்டு போய்விடுவார்கள், நான் அந்த இடத்திலேயே நின்றிருப்பேன். அவ்வளவுதான். அதனால் வாயைத் திறப்பது குறைந்துபோயிற்று.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். அம்மாவுக்கு நாலாவது பிரசவம் ஆனபோது தொட்டில் ஆட்ட ஆள் வேண்டியிருந்தது. பிறகு திரும்பப் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. படித்தவர்கள் முன்னால் நிற்கும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இப்படிப்பட்டவள் கேம்ப்புக்குப் போகச் சம்மதித்தது மகளுக்காக. அவளுக்கு அப்போது ஆறு வயது. ஜூன் மாதம் பாறசாலையில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். அவளுக்கு என்னைவிட்டால் ஆள் கிடையாது. ஓடாதே விழுவாய், அங்கே போகாதே குளவி இருக்கும், அவர்கள் வீட்டுத் தண்ணீர் குடிக்காதே என்று சொல்லிச் சொல்லி என் சேலைத் தலைப்பிலேயே அவளை முடிந்து வைத்திருந்தேன். எங்கள் சபையில் ஒரு டீச்சர் உண்டு. அவருடைய மகளும் அவளோடு இன்னும் நான்கு பெண்பிள்ளைகளும் அதே பள்ளிக்கூடத்தில்தான் சேரப் போகிறார்கள். ஐந்தும் எப்போதும் ஒரு கொத்தாகத் திரிவார்கள். ஞாயிறு பள்ளியில் என் மகள் அந்தக் கொத்துக்கு இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இந்த மூணு நாளு அந்தப் பிள்ளையளுக்கக் கூடக் கெடந்து எழும்பினா போதும்" என்றார் என் வீட்டுக்காரர். "பின்ன ஜூன்ல நீ கொண்டு விடாண்டாம், அதுகளே இழுத்துக்கிட்டுப் போவும். நீ கூட இருந்து கெடுக்காம இருந்தாச் சரி."

அவர் வயரிங் வேலைக்காரர். கேம்ப்புக்கு லைட்டும் மைக்கும் அவர் பொறுப்பு. அதனால் அவர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

என் பயம் முழுக்கப் பூச்சிதான். முந்தின வருடம் என்னவோ ஒன்று மகளின் கணுக்காலில் கடித்து, அது வீங்கிப் பழுத்து, காய்ச்சலாகி, எட்டு நாள் மருந்து குடித்தாள். ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், என்ன கடித்தது என்று. தெரியவில்லை என்று சொன்னபோது அந்த டாக்டர் என்னைப் பார்த்த பார்வை மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தால்கூட எனக்கு உறக்கம் போய்விடும். ரப்பர் காட்டில் இரண்டு இரவு என்றால் எப்படி இருந்திருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கொசுவலை, அதைக் கட்டக் கயிறு, கொசுவர்த்திச் சுருள் ஒரு பெட்டி, வேப்பெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்த குப்பி, கடிவாயில் தடவச் சுண்ணாம்பு டப்பா, முழுக்கை வைத்த சட்டை நாலு, நாலு நாள் வெயிலில் காயவைத்த விரிப்பு, போர்வை, தலையணை உறை, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு போர்வை. எல்லாவற்றையும் பழைய வேட்டிகளில் போட்டு முடிந்தேன். பெரிதாக ஒன்று, சிறிதாக இரண்டு.

பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு மேசை போட்டு டீச்சர் உட்கார்ந்திருந்தார். அவர் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே வேலை பார்க்கிறவர், தினமும் பாறசாலையிலிருந்து பஸ் ஏறிப் போய் வருகிறவர். தலைமையாசிரியரிடம் பேசி வகுப்பறைகளை வாங்கித் தந்ததும் அவர்தான். நெய்யாற்றின்கரைக்கு அந்தப் பக்கம் பிறந்தவர், பேச்சு பாதிக்குமேல் மலையாளம். வருகிற பெண்களிடம் பெயர், எத்தனை பிள்ளைகள், மருந்து ஏதும் உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

என் முறை வந்தது. பெயர் சொன்னேன். பாய் உண்டோ என்றார், உண்டு என்றேன். தலை நிமிராமல் அடுத்ததைக் கேட்டார்.

"மூட்டை ஒண்ணும் இல்லல்லோ?"

நான் பின்னால் திரும்பி நான் கொண்டு வந்ததைப் பார்த்தேன். கொண்டு வரக்கூடாது போலிருக்கிறது என்று பயந்துபோனேன். ஆனால் பொய் சொல்ல முடியாதே, காலடியிலேயே கிடக்கிறதே.

"இருக்கு டீச்சர். மூணு இருக்கு" என்றேன். "பெரிசு ஒண்ணு, சின்னது ரெண்டு."

டீச்சர் பேனாவை நிறுத்தினார்.

அவர் கோபப்படுகிறார் என்று நினைத்து இன்னும் சொன்னேன். "வீட்டுலேருந்தே கட்டிக் கொண்டாந்தது டீச்சர். பிள்ளைக்குத்தான். அவளுக்கு இது இல்லாம உறக்கம் வராது."

வரிசையில் முதலில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். பிறகு வராந்தா முழுவதும் சிரித்தது. தையல்காரி அக்கா ஒருவர் உண்டு, எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவர் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டார். "எம்மா, பெரிசு ஒண்ணு, சின்னது ரெண்டாம். குடும்பமாட்டுக் கூட்டிக்கிட்டு வந்திருக்கா பாத்துக்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் அதை மூட்டைப்பூச்சி என்று முழுதாகச் சொல்வோம். வெறுமனே மூட்டை என்றால் சாக்கு மூட்டை, துணி மூட்டை. மலையாளத்தில் அப்படி இல்லை. அங்கே துணி முடிந்தால் அது கெட்டு. மூட்டை என்றால் கட்டிலில் இருந்து கடிக்கிற அதுதான். ஏழு வருடமாக இது என் காதில் விழுந்திருக்கும். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

"ஐயோ டீச்சர், நான் துணி மூட்டையச் சொன்னேன்" என்றேன்.

"மனசிலாயி மோளே, மனசிலாயி" என்று டீச்சரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் அவருடைய பார்வை கீழே இறங்கி, பெரிய மூட்டையின் முடிச்சில் கொஞ்ச நேரம் நின்றதை நான் பார்த்தேன். மகளும் சிரித்துக்கொண்டிருந்தாள். எதற்கென்று தெரியாமல், எல்லோரும் சிரிக்கிறார்களே என்று.

எங்களுக்குக் கிடைத்தது எட்டாம் வகுப்பு பி. கதவின் மேல் 8 B என்று எழுதியிருந்ததை மகளுக்குப் படித்துக் காட்டினேன். நான் கடைசி வரை உட்காராத வகுப்பு. பெஞ்சுகளையெல்லாம் நடுவில் நெருக்கிப் போட்டு, அதன் மேல் பாய் விரித்துப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு மேடைபோல ஆக்கியிருந்தார்கள். தாய்மார் தரையில். நான் கதவோரம் சுவரில் ஒரு ஆணியும் சன்னல் கம்பியும் இருக்கிற இடமாகப் பார்த்துக் கொசுவலையைக் கட்டினேன். வேறு யாரும் வலை கொண்டுவந்திருக்கவில்லை.

சாயங்காலம் நான் பயந்த மாதிரியே கொசு இறங்கியது. முந்தின நாள் கோடை மழை பெய்திருந்தது. ரப்பர் மரத்தில் பால் வடிவதற்குக் கட்டியிருந்த சிரட்டைகளில் எல்லாம் தண்ணீர். எட்டிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் புழு துடித்துக்கொண்டிருந்தது. வேலி தாண்டி முதல் இரண்டு வரிசை மரங்களிலும் ஒவ்வொரு சிரட்டையாக எடுத்துக் கவிழ்த்துக்கொண்டே போனேன். முப்பது நாற்பது இருக்கும். "கெழக்கத்திக்காரி ரப்பர் வெட்டப் போயாச்சு" என்று வராந்தாவிலிருந்து தையல்காரி அக்காவின் குரல் கேட்டது. பிறகு தேங்காய் உரித்த தொண்டு எரித்து, நொச்சி இலை போட்டு, வகுப்பறைக்குள் புகை மூட்டினேன். எல்லோரும் இருமினார்கள். ஆனால் கொசு குறைந்ததென்னவோ உண்மை, இரண்டு மூன்று பேர் அதைச் சொல்லவும் செய்தார்கள்.

அன்றைக்குப் படுக்கும் நேரத்தில்தான் அது நடந்தது. டீச்சரின் மகள் பெஞ்சு மேடையின் மேல் முழங்காலிட்டு, கீழே நின்றிருந்த என் மகளைப் பார்த்து, "நீயும் ஏறு. இஞ்ச இடம் உண்டு" என்றாள்.

மகள் என்னைப் பார்த்தாள். வலைக்குள் வா என்றுதான் என் வாய் போயிற்று. கெடுக்காமல் இருந்தால் சரி என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன். கையிலும் காலிலும் எண்ணெய் தடவி ஏற்றிவிட்டேன். ஆறாவது ஆளாக அவள் அந்த வரிசையில் படுத்தாள். அவர்கள் எதையோ சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், விளக்கை அணைத்த பிறகும் சிரித்தார்கள். என் மகளுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வலைக்குள் தனியாகப் படுத்துக்கொண்டு அந்தச் சிரிப்பில் அவளுடையது எது என்று பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விடிந்தபோது ஆறு பிள்ளைகளும் சொறிந்துகொண்டிருந்தார்கள். கொசுக்கடி இல்லை அது. கொசு அங்கொன்று இங்கொன்றாகக் கடிக்கும். இது வரிசை. மூன்று தடிப்பு, கொஞ்சம் தள்ளி இன்னொரு மூன்று. முதுகில், புஜத்தில், கழுத்தில். பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருந்த இரண்டு பெண்களுக்கும் அதே.

தையல்காரி அக்கா தன் மகளின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். "இது மூட்டையாக்கும்" என்றார். சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் இருக்க முயன்று, என்னைப் பார்த்தார்.

எல்லோரும் பார்த்தார்கள். நான் அவசரமாக, "எனக்கு ஒண்ணும் கடிக்கலையே. என் விரிப்புல இருந்தா என்னையில்ல முதல்ல கடிக்கணும்" என்றேன். நியாயமான பேச்சு என்றுதான் நினைத்தேன்.

"அது பழகின ரத்தமாக்கும்" என்றார் அக்கா. "வீட்டாளை அதுக்குத் தெரியாதா?"

இந்தத் தடவை யாரும் விழுந்து விழுந்து சிரிக்கவில்லை. ஒரு சிறு சிரிப்பு, அவ்வளவுதான். அது முந்தின நாள் சிரிப்பைவிட மோசம். டீச்சர் வந்து தன் மகளின் கழுத்தைப் பார்த்துவிட்டுப் போனார். காலைக் கஞ்சிக்குப் போய்த் திரும்பி வந்தபோது, மகளுக்காகப் பெஞ்சின் மேல் விரித்திருந்த போர்வை நான்காக மடித்து என் வலையருகே வைக்கப்பட்டிருந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. ஒழுங்காகத்தான் மடித்திருந்தார்கள்.

மகள் அந்தப் போர்வையைப் பார்த்தாள். வெளியே அந்த ஐந்து பேரும் கல் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இவள் பழையபடி இரண்டடி தள்ளிப் போய் நின்றாள். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். ஜூனுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. மூட்டைக்காரி மகள் என்று ஒரு பிள்ளை சொன்னால் போதும், பத்தாம் வகுப்பு வரைக்கும் அது கூடவே வரும். ஒரு சொல்லை நான் தவறாகக் காதில் வாங்கியதற்கு அவள் பத்து வருடம் தனியாக உட்கார வேண்டும். அன்று காலை முழுவதும் இதைத் தவிர வேறொன்றும் எனக்கு ஓடவில்லை.

மத்தியானத்துக்கு முன்னால் எல்லோரும் வேதபாடத்துக்குப் போனார்கள். பிள்ளைகளுக்குத் தனியாகப் பாட்டு வகுப்பு. தலைவலி என்று சொல்லிவிட்டு நான் எட்டாம் வகுப்பிலேயே இருந்தேன். கதவைச் சாத்தினேன். என்னுடைய மூன்று மூட்டையையும் பிரித்து, விரிப்பின் தையல், தலையணையின் ஓரம், பாயின் கரை என்று ஒவ்வொரு விரற்கடையாகப் பார்த்தேன். எனக்கே சந்தேகம் வந்துவிட்டிருந்தது. ஒன்றும் இல்லை.

பிறகு ஒரு பெஞ்சைச் சரித்துப் போட்டு அடிப்பக்கம் பார்த்தேன். காலும் பலகையும் சேருகிற பொருத்தில் கறுப்புப் புள்ளிகள். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கில் ஒன்று உருவி உள்ளே விட்டு இழுத்தேன். வந்தது. பின்னால் இன்னும் வந்தது. பெரியவை, குஞ்சுகள், வெள்ளை முட்டைகள். அந்த வாடை. பள்ளிக்கூடம் மூடி ஒன்றரை மாதம் பட்டினி கிடந்திருக்கும் அவை. எட்டுப் பெஞ்சில் ஆறில் இருந்தது.

சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா. ஈர்க்கிலைக் கையில் பிடித்துக்கொண்டு வேதபாடம் நடக்கிற இடத்துக்கு நேராக ஓடிப் போகத்தான் நினைத்தேன். வராந்தா வரைக்கும் வந்துவிட்டேன்.

அங்கே நின்றுவிட்டேன். ஏனென்றால் அங்கிருந்து டீச்சரின் குரல் கேட்டது. அவர்தான் பெண்களுக்கு அன்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். இது அவருடைய பள்ளிக்கூடம். அவர் பாடம் நடத்துகிற பெஞ்சு. முதல் நாள் தொடக்க ஜெபத்தில், சுத்தமான இடத்தைத் தந்ததற்காக அவர் ஸ்தோத்திரம் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். ஏழாம் வகுப்போடு நின்ற நான் போய், உங்கள் பெஞ்சில்தான் இருக்கிறது என்று இருபது பேர் முன்னால் சொன்னால் அவர் முகம் எப்படி ஆகும்? அந்த முகத்தோடு வீட்டுக்குப் போய் அவர் மகளிடம் என்ன சொல்வார்? அந்தக் கொத்தில் அந்தப் பிள்ளை சொல்வதுதான் சட்டம். அதுவும் இல்லாமல், என் மூட்டையிலிருந்து ஏறிப் பெஞ்சுக்குப் போயிருக்கும் என்று யாராவது ஒருத்தர் சொன்னால் நான் என்ன செய்வேன்?

மைதானத்தில் என் வீட்டுக்காரர் ஏணியில் நின்று வயர் இழுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முந்தின நாள் வராந்தாவில் நடந்ததை அப்போதுதான் அவர் முழுதாகக் கேட்கிறார்.

"பெரிசு ஒண்ணு, சின்னது ரெண்டுண்ணா சொன்னே?" என்றார். சிரித்ததில் ஏணி ஆடியது. "எனக்க பிள்ளே, கல்யாணத்துக்கு வந்த ஆளுவள எண்ணியது மாதிரியில்லா சொல்லியிருக்க."

"சிரிங்க. நல்லா சிரிங்க" என்றேன். "உங்க மக போர்வைய மடிச்சுத் தள்ளி வச்சாச்சு."

அவர் இறங்கினார். சிரிப்பு நின்றிருந்தது. ஈர்க்கில் நுனியைப் பார்த்தார். "இதக் கொண்டு நேரே போயி டீச்சர்ட்ட காட்டு. இல்லெங்கி நான் வாறேன், நான் காட்டுதேன். ஒரு ராத்திரியில இவ்வளவு முட்டை இடுமா? ஆருக்கும் தெரியாதா இது?"

"தெரியும். தெரிஞ்சா டீச்சருக்கு அசிங்கம். அந்தப் பிள்ளை பின்ன நம்ம பிள்ளைய ஏறிட்டுப் பாக்குமா?"

"அதுக்கு நீ செய்யாத்த குத்தத்த நீ ஏத்துக்குவியா?"

"ஒரு பெஞ்சுக்கு அந்தப் பக்கம் பிடிங்க" என்றேன். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

சமையல் நடந்த கொட்டகையில் மரச்சீனிக் கிழங்கு அவிக்க பெரிய வார்ப்புப் பாத்திரம் நிறையத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கேட்டு வாங்கினேன். எட்டுப் பெஞ்சையும் வெயிலில் சரித்துப் போட்டு, பொருத்து பொருத்தாகக் கொதிநீர் ஊற்றினோம். அவர் ஊற்றினார், நான் ஈர்க்கிலால் குடைந்தேன். பிறகு மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தேன். என்னுடைய விரிப்பையும் போர்வையையும் பாயையும் எல்லோரும் பார்க்கிற மாதிரி மைதானத்து வேலியில் விரித்துப் போட்டேன். அது தேவையில்லை என்று எனக்குத் தெரியும். அதைத்தான் முதலில் போட்டேன்.

கூட்டம் கலைந்து பெண்கள் வந்தார்கள். ஈரப் பெஞ்சு, வேலியில் என் துணிகள், கையெல்லாம் கரியும் மண்ணெண்ணெயுமாக நான். என்னிடமிருந்துதான் வந்தது என்று பார்த்தவுடன் அவரவர் முடிவு செய்துகொண்டார்கள். தையல்காரி அக்கா மட்டும், "இதுக்கெல்லாம் ஒரு மனசு வேணும்" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னார். மெதுவாகத்தான், ஆனால் எனக்குக் கேட்கும்படி.

டீச்சர் கிட்டே வந்தார். பெஞ்சின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே கொதிநீரில் வெந்து ஒட்டியிருந்தவற்றையும் பழைய கறுப்புக் கறைகளையும் அவர் பார்த்தார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எத்தனை வருடத்துக் கறை என்று ஒரு டீச்சருக்குத் தெரியாதா? பிறகு என் தோளில் கை வைத்தார்.

"சாரமில்ல மோளே. ஆரு வீட்டிலும் வரும். வெஷமிக்காண்டாம்."

வருத்தப்படாதே என்று அவர் தேற்றியதும் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

"மன்னிக்கணும் டீச்சர்" என்றேன். "இனிமே இருக்காது. எல்லாம் சுத்தம் பண்ணியாச்சு. பிள்ளைங்க பயப்படாமப் படுக்கலாம்."

அவர் தலையாட்டினார். போகும்போது தன் மகளைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அப்போது எனக்குக் கேட்கவில்லை.

அன்று படுக்கும் நேரத்தில் பெஞ்சுகளை மறுபடி உள்ளே போட்டார்கள். டீச்சரின் மகள் நேராக என் வலையருகே வந்து, என் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "வா. இனி உனக்க பாயில மூட்டை இல்ல, அம்மா சொன்னா." மகள் எழுந்து ஓடினாள். எண்ணெய் தடவ நான் குப்பியைத் திறப்பதற்குள் மேடை ஏறிவிட்டாள். இந்தத் தடவை அவளை ஓரத்தில் போடவில்லை, நடுவில் போட்டுக்கொண்டார்கள்.

பெண்களும் அன்று என்னிடம் நன்றாகத்தான் நடந்துகொண்டார்கள். சாப்பிடும்போது மீன் கூடுதலாக வைத்தார்கள். கதவோரம் காற்று நன்றாக வரும், நீ அங்கேயே இரு என்றார்கள். என் வலைக்கும் அடுத்த பாய்க்கும் நடுவே முந்தின நாள் ஒரு ஆள் நடந்து போகிற அளவுதான் இடம் இருந்தது. அன்று இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். அந்த வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பெஞ்சிலிருந்து சிரிப்பு வந்தது. பிரித்துக் கேட்க வேண்டியிருக்கவில்லை, அவளுடையதுதான் பெரிதாகக் கேட்டது. யாரும் சொறிகிற சத்தம் வருகிறதா என்று கவனித்தேன். வரவில்லை. அப்போதாவது யாரையாவது எழுப்பி, பாருங்கள் பெஞ்சில்தான் இருந்தது, பெஞ்சைக் கழுவியதும் நின்றுவிட்டது பார்த்தீர்களா என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. எழுப்புகிற அளவுக்கு எனக்கு அங்கே யாரும் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானத்தோடு கேம்ப் முடிந்தது. வயரையும் விளக்கையும் அவிழ்த்துக்கொண்டு ராத்திரிதான் வர முடியும் என்று அவர் தங்கிவிட்டார். நானும் மகளும் வெள்ளறடைக்கு இறங்கி பாறசாலை பஸ் ஏறினோம். இரண்டு பேர் உட்காரும் சீட்டு. அவள் சன்னல் பக்கம். பஸ் புறப்பட்டதும் அவள் சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தேன். பழைய தடிப்பு வற்றியிருந்தது. புதிதாக ஒன்றும் இல்லை.

"அம்மா, மதி. எல்லாரும் பாக்குது" என்று கையை இழுத்துக்கொண்டாள். போதும் என்பதற்கு மதி என்று அவள் வாயில் நான் அன்றுதான் முதலில் கேட்டேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்த மூட்டை எல்லாம் நம்ம வீட்டிலிருந்தா வந்தது?" என்று கேட்டாள்.

"யார் சொன்னா?"

"அவதான். அவளுக்க அம்மா சொன்னாளாம். ஆருட்டயும் சொல்ல மாட்டேண்ணு சத்தியம் செய்திட்டுண்டு. வேற நாலு பேரையும் சத்தியம் செய்ய வச்சா." விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டாள். "ஜூன்ல எனக்க பக்கத்தில்தான் இருப்பாளாம். எனக்கு இடம் பிடிச்சு வைப்பாளாம்."

இல்லை மக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். இல்லை, நம் வீட்டில் ஒன்றும் இல்லை, உன் அம்மா நாலு நாள் வெயிலில் காயவைத்துத்தான் கட்டினாள். ஆனால் சொன்னால் அவள் ஞாயிற்றுக்கிழமையே போய் அந்தப் பிள்ளையிடம் சொல்லுவாள். சொல்லாமல் இருக்க ஆறு வயதில் யாருக்குத் தெரியும்? அந்தப் பிள்ளை போய் அம்மாவிடம் கேட்கும். பிறகு அந்த இடத்தை யார் பிடித்து வைப்பார்கள்?

"ஆமா மக்கா" என்றேன். "நம்ம வீட்டிலிருந்துதான். அம்மா பாக்காமக் கொண்டாந்துட்டேன்."

அவள், எனக்குத் தெரியக்கூடாது என்று நினைத்திருப்பாள், மெதுவாக நகர்ந்து சன்னலோடு சேர்ந்து உட்கார்ந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே நாலு விரல் இடம் விழுந்தது. பனச்சமூடு வளைவில் பஸ் சாய்ந்து திரும்பியபோது, என் மேல் வந்து படாமலிருக்க முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.